முதல் மூட்டை

என் வீட்டுக்காரர் வேலுமணிக்கு ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவரும் கூட்டாளிகளும், லோடு எடுக்க வரும் கேரள டிரைவர்களோடு பொங்கல் லீவு முடிகிற அன்று வாலிபால் ஆடுவார்கள். வருஷா வருஷம் தோற்பார்கள். தோற்றவர்கள் பரிமாற வேண்டும், ஜெயித்தவர்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள். எவன் ஜெயித்தாலும் சமைப்பது நான்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெயித்த பக்கத்தில் நன்றாக ஆடியவர் கையால்தான் தங்கச்சன் அண்ணன் லாரியில் முதல் மூட்டை ஏறும். ராசியாம். பாலக்காட்டுக்காரரான அவர் வீட்டுக்குத்தான் நாங்கள் ஓணத்துக்குப் போவோம். அவ்வளவு பழக்கம்.

இந்த வருஷம் முகேஷ்குமார் என்று ஒருவனை இவர் கூட்டி வந்தார். "புதுசா சேர்ந்த லோடுமேனுங்க அண்ணா," என்றார் தங்கச்சன் அண்ணனிடம், கூசாமல். அவன் திண்டுக்கல்லில் காலேஜ் டீமில் ஆடுகிறவன். "வேண்டாமுங்க, நம்ம ஆளுங்களே ஆடட்டும்," என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

அவன் எகிறி எகிறி அடித்ததில் கேரளா டீம் சுருண்டது. தங்கச்சன் அண்ணனே கை தட்டினார். எங்கள் ஆட்கள் இவரைத் தூக்கிவைத்து ஆடினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

"தம்பி, வா. முதல் மூட்டை நீதான் ஏத்தணும்," என்று அவனைத் தோளில் தட்டினார் அண்ணன்.

இவர் முகம் செத்துப்போனது. இந்த ஒன்றை மட்டும் மனிதர் யோசிக்கவே இல்லை.

பையன் பீட்ரூட் மூட்டையைக் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்தான். இடுப்புக்குமேல் ஏறவில்லை. கை நழுவி மூட்டை விழுந்து, வாய் அவிழ்ந்து, பீட்ரூட் ரோடெல்லாம் உருண்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. தங்கச்சன் அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டி, தானே முதுகில் வைத்து ஏற்றினார்.

பிறகு கை கழுவிவிட்டு வந்து, முறை தவறாமல் எல்லாருக்கும் பரிமாறினார். இவர் இலையில் சாம்பார் ஊற்றும்போது மெதுவாகச் சொன்னார்: "வேலுமணி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே தோத்துத் தந்திருப்போமே."

இவர் பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குத்தான் அழுகை முட்டியது.

லாரி கிளம்பும்போது இவர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, அடுத்த பொங்கலுக்கு ஆட வருவீங்கல்லங்க?"

"வராம என்ன? லோடு எடுக்கணுமே," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார் அண்ணன்.