மூன்றாம் லைனின் தவளை

9 ஆகஸ்ட் 2004, திங்கள்

மாலை வகுப்பின் கார் விளையாட்டுக்கு வைத்திருக்கும் நோட்டில், சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஹேமலதாவின் நான்காவது சுற்றுக்கு 48 வினாடி என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் அந்தச் சுற்றை நான் அளக்கவே இல்லை. கண்ணாடியைத் துடைப்பதற்காக ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். மற்ற சுற்றுகள் 48, 49, 48 என்று வந்ததால் இதுவும் 48 தான் இருக்கும் என்று நானாக எழுதிவிட்டேன். இன்று அதை அடித்து, பக்கத்தில் ‘அளக்கவில்லை’ என்று எழுதினேன்.

இது முக்கியமா என்று தெரியவில்லை. ஆனால் பகலில் ஷூ கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. தையல் லைனில் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, ஒரு துண்டு தைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறிப்பேன். அதை வைத்து மணிக்கு எத்தனை ஜோடி என்று மேலே முடிவு செய்வார்கள். அப்படிப்பட்டவன் மாலை வகுப்பில் குத்துமதிப்பாக எழுதலாமா?

வகுப்பு ஆம்பூரில் நயீம் அஹமது பாயின் கம்ப்யூட்டர் சென்டரில். ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்கு முடியும். கடைசி இருபது நிமிடம் ‘குட்டிக் கார்’ விளையாட விடுவார். கை கீபோர்டுக்குப் பழகுமாம். கரடி, பூனை, தவளை எல்லாம் சின்னச் சின்னக் காரில் உட்கார்ந்து பந்தயம் விடும் விளையாட்டு. பத்து வருடமாகப் பாகம் பாகமாக வருகிறது. எங்களிடம் இருப்பது நான்காம் பாகம். இதுவரை ஓடியதில் ஆக வேகமான சுற்றை மட்டும் ஒரு பட்டியலில் காட்டும். இப்போது அதில் முதலிடத்தில் இருப்பது தவளை, 43 வினாடி. யார் ஓட்டியது என்று தெரியாது. விளையாட்டைச் செய்தவர்களே போட்டு அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் விவரத்தை நயீம் பாய் இன்று முழுதாகச் சொன்னார். வாணியம்பாடியில் அவருடைய அண்ணன் நிசார் அஹமதுவும் ஒரு சென்டர் வைத்திருக்கிறார். அண்ணன் சென்னையிலிருந்து ஐந்தாம் பாகத்தையும், மேசையில் பொருத்தி ஓட்டுகிற ஒரு ஸ்டீரிங்கையும் வாங்கி வந்திருக்கிறார். இருப்பது ஒன்றுதான். சென்டருக்கு ஒருவர் ஓட்ட வேண்டும். ஜெயிக்கிற சென்டருக்கு ஸ்டீரிங். ஜெயித்தவர், கோர்ஸ் முடிந்த பிறகும், வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஓட்டலாம்.

“பாய்ஜான் கிட்ட ஸ்டீரிங் போச்சுன்னா பக்ரீதுக்கு நான் அந்த வீட்ல மூஞ்சி காட்ட முடியாது. நத்தானியேலு, நீதான் நோட்டு வெச்சிருக்க. நாளைக்கு ஒரு பேரு குடு.”

ஹேமலதா எனக்குப் பக்கத்து கம்ப்யூட்டர். எங்கள் கம்பெனியில் மூன்றாம் லைன், ஷூவில் லேசுக்கு அடியில் வரும் நாக்கைத் தைப்பவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். அவருடைய கோர்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது.

“மொத பாகம் நாட்றம்பள்ளியில, எங்க மாமா கேசட் கடையில ஆடினேன். தொண்ணூத்தி அஞ்சுல. அதுல தவளைக்கு மூஞ்சியே கெடையாது, பச்சையா ஒரு டப்பா. ரெண்டாம் பாகத்துல கண்ணு வந்துச்சு. மூணுல வாய். நாலுல தொப்பை வந்துடுச்சு” என்றார்.

“அஞ்சுல பொண்டாட்டி புள்ளையோட வரும்” என்றான் ஷாஜின். அவன் என் பள்ளித் தோழன், ஏற்றுமதி ஆபீசில் இருக்கிறான். கரடியைத்தான் ஓட்டுவான்.

“வரட்டுமே. நாலு பாகமும் பட்டனைத்தான் அமுக்கிக்கினு இருந்தேன். ஒரு வாட்டி ஸ்டீரிங்கைப் புடிச்சித் திருப்பிப் பாக்கணும். கோர்ஸ் முடிஞ்சா என்னை இந்த வாசப்படியில யாரு ஏத்துவாங்க?”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

11 ஆகஸ்ட், புதன்

மூன்று வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஷாஜினின் சராசரி 46. ஹேமலதாவின் சராசரி 48. இரண்டு முறை சரிபார்த்தேன். ஷாஜின் பெயரை ஒரு தாளில் எழுதி நயீம் பாயிடம் கொடுத்தேன். அவர் உடனே வாணியம்பாடிக்குப் போன் செய்துவிட்டார்.

ஹேமலதா “சரி” என்றார். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். எண்ணைப் பார்த்துத்தானே கொடுத்தேன்? எதில் தவறு என்று தெரியாமலேயே தவறு செய்துவிட்டது போல இருக்கிறது.

12 ஆகஸ்ட், வியாழன்

ஸ்டாப்வாட்ச் இருக்கிற அலமாரியின் சாவி, லீவில் போன ஸ்டோர்காரரிடம் மாட்டிக்கொண்டது. வெறுங்கையோடு வகுப்புக்குப் போனேன்.

கடைசி இருபது நிமிடத்தில் ஷாஜின், “பயிற்சிக்கு ஒரு ஆள் வேணும், வாங்க” என்று ஹேமலதாவைக் கூப்பிட்டான். ஒரே கீபோர்டில் இரண்டு பேர், திரை இரண்டு பாதி. ஐந்து சுற்று. முதல் வளைவிலேயே தவளை கரடியைத் தாண்டியது. அதற்குப் பிறகு கரடி அதன் கிட்டவே வரவில்லை. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். மூன்று நிமிடம் முப்பத்தாறு வினாடி. சுற்றுக்கு 43 சொச்சம்.

பட்டியலில் இருந்த தவளை இதுதான்.

“எப்படி?” என்று கேட்டேன்.

“நீங்க இன்னிக்கு வாட்ச் கொண்டாரல.”

“அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?”

ஹேமலதா என்னைப் பார்த்தார், கோணலாகத் தைத்த துண்டைப் பார்ப்பது போல. “வாட்ச் சார், நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா? லைன்ல சேந்த மொத நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. வாட்ச் வந்தா ஊசியை நடக்க வுடு, ஓட வுடாதன்னு. நாங்க ஓடினா நீங்க கம்மியா எழுதுவீங்க. மறுநாளே டார்கெட் ஜாஸ்தி ஆயிடும். அப்புறம் தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது.”

“அப்போ இங்கயும் வேணும்னே மெதுவா ஓட்டினீங்களா?”

“வேணும்னே இல்ல, அதான் பேஜார். முதுகுக்குப் பின்னால வாட்ச் நின்னா கை தானா நடக்குது. ஏழு வருசப் பழக்கம். நீங்க லைனை வுட்டுப் போனதும் மொத மிஷின் முனவ்வர் அக்கா கத்தரியால டேபிள்ல ரெண்டு தட்டு தட்டுவாங்க. அது காதுல வுழுந்தாத்தான் கை ஓடும்.”

அந்தத் தட்டலை நான் கேட்டிருக்கிறேன். கதவருகே போகும்போதெல்லாம் கேட்கும். ஏப்ரல் மாத அறிக்கையில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறேன்: ‘கத்தரியில் ஒட்டிய நூல் பிசிறைத் தட்டி உதறுகிறார்கள். இரண்டு வினாடி வீண்.’ அந்த அறிக்கையைக் கொஞ்சம் பெருமையாக வைத்திருந்தேன்.

ஷாஜின் மேசையில் கவிழ்ந்து விழுந்து சிரித்தான். “டேய், ரெண்டு வருசமா ஒரு லைன் பூரா உனக்கு நாடகம் போட்டிருக்குடா!”

“மேல போய்ச் சொல்லிடுவீங்களா?” என்று ஹேமலதா கேட்டார்.

“நோட்டுல எழுத மாட்டேன்” என்றேன்.

இது வேறு நோட்டு.

13 ஆகஸ்ட், வெள்ளி

ஷாஜினிடம் பேச வேண்டியிருந்தது. காலையிலிருந்து நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வகுப்புக்கு முன்னால் டீக்கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

“நீ இன்னா சொல்லப் போறன்னு தெரியும். ஆனா எங்கம்மா நர்ஸ் டூட்டி பாக்கற ஆஸ்பத்திரியில வார்டு பூரா சொல்லி வெச்சிட்டாங்கடா. தையல் பிரிக்க வந்தவங்ககூட ‘உங்க புள்ள ஜெயிக்கணும்’னு வேண்டிக்கினு போறாங்களாம்.”

“தப்பு என்னுதுதான். நான்தான் சரியா அளக்கல.”

“நீ சரியாத்தான் அளந்த. அவங்கதான் சரியா ஏமாத்திட்டாங்க.” டீயை ஒரு வாய் குடித்தான். “நேத்து அஞ்சு சுத்தும் அந்தத் தவளையோட முதுகை மட்டுந்தான் பாத்தேன். வாணியம்பாடிக்காரன் முன்னால போய் அதே முதுகைப் பாக்கறதுக்கு நான் எதுக்கு? அவங்களையே அனுப்பு. ஆனா உன் நோட்டுல நான்தான் ஃபர்ஸ்ட். அதை மட்டும் அடிச்சே, அவ்ளோதான்.”

அடிக்க மாட்டேன் என்று சொன்னேன். அளந்தது அளந்ததுதான்.

நயீம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “பேரை மாத்தணும்னு பாய்ஜானுக்குப் போன் பண்ணா, பயந்துட்டியான்னு கேப்பாரு.” ஆனாலும் போன் செய்தார். வைத்ததும், “பயந்துட்டியான்னு கேட்டாரு” என்றார்.

ஹேமலதாவிடம் பெயர் மாறிய விஷயத்தைச் சொன்னோம். இன்றும் “சரி” என்றுதான் சொன்னார். நாற்காலியை உள்ளே தள்ள மறந்துவிட்டார்.

14 ஆகஸ்ட், சனி

போட்டிக்குக் கேட்டு வைக்க வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டு, நயீம் பாய் மூலம் கேட்டுக்கொண்டேன். கீபோர்டு எப்படி (நம்முடையது போலத்தான்). எந்தப் பாதை (நான்காம் பாகத்தில் நாங்கள் ஓட்டும் அதே ஏரிக்கரைப் பாதை, ஐந்து சுற்று). தவளை கிடைக்குமா (கிடைக்கும், எதிராளி பூனை). கரண்ட் போனால் என்ன செய்வது (முதலிலிருந்து). ஒன்பது கேள்வி, ஒன்பதுக்கும் பதில் வந்தது. எதுவும் விட்டுப்போகவில்லை என்று நினைக்கிறேன்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

விட்டுப்போயிருந்தது.

நயீம் பாய், ஹேமலதா, ஷாஜின், நான், நான்கு பேரும் ஒன்பது மணி பஸ்ஸில் வாணியம்பாடி போய்ச் சேர்ந்தோம். சென்டர் வாசலில் கொடி ஏற்றி, ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்கள். மேசைமேல் ஸ்டீரிங் பெட்டி, பிரிக்காமல். ஹேமலதா அதைத் தொடவில்லை, பக்கத்தில் போய் நின்று படத்தை மட்டும் பார்த்தார்.

எதிராளி சீனிவாசன் என்கிற கல்லூரி மாணவர். நல்ல மாதிரி, நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அப்போது நிசார் அஹமது பாய் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக வந்து, ஹேமலதாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராம். இந்தப் பத்தாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை.

விசில் ஊதினார்.

முதல் சுற்றில் பூனை முன்னால் போனது. இரண்டாவது சுற்றில் இன்னும் முன்னால். தவளை ஒவ்வொரு வளைவையும் ஒழுங்காக, பொறுமையாக, பரீட்சைக்குக் கையெழுத்து எழுதுவது போலத் திரும்பியது. எனக்கு அந்த வேகம் நன்றாகத் தெரியும். 48.

“வாட்ச்சுடா!” என்று ஷாஜின் என் விலாவில் இடித்தான். “அந்த ஆளை நகரச் சொல்லு!”

நடுப்போட்டியில் போய் நடுவரை நகரச் சொல்ல முடியுமா? சொன்னால் அதையே காரணம் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டால்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சுற்று பாதி போய்விட்டது. நயீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தேன். அந்த இரண்டு தட்டைத் தட்டுகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்ற சந்தேகம் அப்போதும் வந்தது. அது நான் போன பிறகு, என் முதுகுக்குப் பின்னால், முனவ்வர் அக்கா தட்டுகிற தட்டு. ஆனால் அங்கே முனவ்வர் அக்கா இல்லை. நான் தட்டினேன்.

டக். டக்.

ஹேமலதாவின் தோள் இரண்டும் இறங்கின. திரும்பிப் பார்க்கவில்லை. தவளை அடுத்த வளைவில் பிரேக்கே போடாமல் புல்லை உரசிக்கொண்டு திரும்பியது. நான்காவது சுற்று முடியும்போது பூனையின் வால் தெரிந்தது. ஐந்தாவது சுற்றின் கடைசி வளைவில் பூனை வெளிப்பக்கமாகப் போக, தவளை உள்பக்கமாக நுழைந்து, பாதிக் கார் நீளத்தில் கோட்டைத் தாண்டியது.

நயீம் பாய் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிசார் பாய் தன் வாட்சைக் குலுக்கிப் பார்த்தார். “கடைசி சுத்து நாப்பத்தி ரெண்டு. மொத சுத்து நாப்பத்தி எட்டு. இன்னாம்மா, நடுவுல பெட்ரோல் போட்டியா?” என்று கேட்டார். சீனிவாசன் கை கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, “எதுக்குங்க பீரோவைத் தட்டினீங்க?” என்றார்.

“பழக்கம்” என்றேன். என்னுடைய பழக்கம் என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது ஹேமலதாவுக்கு மட்டும்தான். ஸ்டீரிங் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பாதி வழி தாண்டுவதற்குள் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து, ஸ்டீரிங்கை வெளியே எடுத்து, பஸ் திரும்புகிற பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டு வந்தார்.

“மேடம், ஆம்பூர்ல கொஞ்சம் நிறுத்துங்க” என்றான் ஷாஜின். கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

இறங்கும்போது ஹேமலதா என்னிடம், “தட்டு கொஞ்சம் அவசரம். முனவ்வர் அக்கா ரெண்டாவதை நிதானமாத் தட்டுவாங்க” என்றார். நான்கு அடி போய்விட்டுத் திரும்பி நின்றார். “நாளைக்கு எங்க லைன்தானே உங்களுக்கு?”

“ஆமாம்.”

“வாங்க வாங்க” என்று சொல்லிவிட்டு, ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பி, நயீம் பாயோடு சென்டர் இருக்கிற சந்துக்குள் போனார்.

நாளை: எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு ஸ்டாப்வாட்சை எடுக்க வேண்டும். மூன்றாம் லைன், ஹேமலதா, நாக்குத் தையல், பத்து முறை. வாட்ச் காட்டுவதை மட்டும் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.