மாக்சீனின் வாயும் காலும்

பரீட்சை பத்து மணிக்கு. எட்டரைக்கு மாக்சீனின் மாணவி கிர்ஸ்டி போன் பண்ணி, ராத்திரி தின்ற இறால் வயிற்றைப் புரட்டுகிறது, கழிவறையை விட்டு நகர முடியவில்லை என்று அழுதாள். மாக்சீனுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

ஹாலிஃபாக்ஸ் ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் வருஷக்கணக்காக பஸ் ஓட்டியவள் மாக்சீன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராக வேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டாள். வாத்தியார் ஆவதொன்றும் லேசில்லை. எழுத்துப் பரீட்சையையும் ஓட்டும் பரீட்சையையும் ஊதித் தள்ளினாள். மூன்றாவதுதான் உயிரை வாங்கியது. நிஜமான மாணவர் ஒருவரைக் கூட்டிப் போய், அவருக்கு வராத ஒன்றை உண்மையாகவே சொல்லித்தர வேண்டும். அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். முதல் தடவை மாக்சீன் வாயால் தோற்றாள்: மாணவியைப் பேசவே விடவில்லை. அடுத்த தடவை காலால் தோற்றாள். வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டே, அதை ஒன்றுமில்லாததற்கெல்லாம் போட்டு மிதித்தாள். மூன்று வாய்ப்புதான். இன்றைக்கும் கோட்டை விட்டால் மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை சோற்றுக்கு என்ன வழி என்று அவளுக்கே தெரியாது.

சமையலறையில் புருஷன் நெவில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மாக்சீன் அவனையே பார்த்தாள்.

"லைசென்ஸ் இருக்கவங்களையும் மாணவரா கூட்டிட்டுப் போகலாம்னு விதியில இருக்கு. நீ வாயேன்."

"நானா? எனக்கு என்ன தெரியாதுன்னு சொல்லித்தரப் போற?"

"ரெண்டு காருக்கு நடுவுல நிறுத்தத் தெரியாது. இந்தத் தெருவுக்கே தெரியும்யா அது."

நெவில் கத்தியைக் கீழே வைத்தான். உண்மைதான், அவன் ஒருநாளும் இரண்டு காருக்கு நடுவே பின்பக்கமாக நுழைத்து நிறுத்தியதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல், சுடச்சுடப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வாங்கப் போவார்கள். கடை வாசலிலேயே இடம் இருந்தாலும் காரை மேட்டு உச்சியில் தேவாலயத்துப் பக்கம் விட்டுவிட்டு இறங்கி நடப்பான். திரும்ப ஏறி, கார் எடுத்து, வீடு வருவதற்குள் சிப்ஸ் சில்லிட்டுப் போகும். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பான். பிடிவாதம் பிடித்த ஜென்மம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஆறிப்போன சிப்ஸைத் தின்பாள்.

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சா உன்கிட்ட வந்து நிப்பேனா?"

நெவில் முனகிக்கொண்டே கோட்டை எடுத்து மாட்டினான்.

அதிகாரி ரெட்ஃபெர்ன் ஒல்லியான மனுஷர். சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த முகம். பின்சீட்டில் ஏறியதும் பேனா மூடியைக் கழற்றினார். மாக்சீன் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இன்னைக்கு நீங்க என்ன கத்துக்க விரும்புறீங்க?"

நெவில் திரும்பிப் பின்னால் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'நீங்க' என்றதும் இல்லை, என்ன விரும்புகிறாய் என்று கேட்டதும் இல்லை. வேறு யாரையோ கேட்கிறாள் என்றே நினைத்துவிட்டான் பாவம்.

"ரெண்டு காருக்கு நடுவுல நிறுத்தணும்," என்றான் கடைசியில், காதெல்லாம் சிவந்துபோய்.

அமைதியான ஒரு தெருவில், நீல காருக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் இடம் இருந்தது. பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?"

நெவில் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். வழக்கமான மாக்சீனாக இருந்தால் இந்நேரம் ஒன்பது காரணத்தை அவளே அடுக்கியிருப்பாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து முட்டியது. பின்சீட்டில் பேனா இருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டாள்.

"கஷ்டம்னு ஒண்ணுமில்ல," என்றான் நெவில், கண்ணாடியைப் பார்த்தபடியே. "கல்யாணமான புதுசுல மீன் கடை வாசல்ல இப்படித்தான் நிறுத்தப் போனேன். சக்கரம் நடைபாதையில ஏறிடுச்சு. வரிசையில நின்னவங்க எல்லாம் பார்த்தாங்க. அப்போ ஒரு பொம்பள சிரிச்சா. அவ சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க."

"யாரு அது?"

"எங்கூட கார்ல வந்தவதான்."

ரெட்ஃபெர்ன் இருமினார். மாக்சீனுக்கு முகமெல்லாம் பற்றிக்கொண்டது. சிரித்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சிரித்திருப்பாள், அதில் சந்தேகமில்லை. அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வாத்தியார் வேலை பார்க்கிற நேரத்தில் அதெல்லாம் ஆகுமா?

"அந்தம்மா உங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்களா?"

"அவ எதுக்கு கேக்கப் போறா?"

"கேப்பாங்க," என்றாள் மாக்சீன். "இப்ப பின்னாடி பார்ப்போமா? அந்த வேன் எங்க தெரியுது, சொல்லுங்க."

வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. நடைபாதை நெருங்க நெருங்க அவள் வலது கால் துடித்தது. குதிகாலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டாள். "ஓரம் எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். நெவில் பார்த்துவிட்டுத் தானே நிறுத்தினான், தானே சரி செய்தான். மறுபடி பின்னால் நகர்ந்தான். அந்த நேரம் வேனுக்குப் பின்னாலிருந்து தள்ளுவண்டியோடு ஒரு கிழவர், உலகமே தனக்காக நிற்கும் என்ற தைரியத்தில் குறுக்கே வந்தார்.

மாக்சீன் ஒரே மிதி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது.

"நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தேன்," என்று நெவில் சீறினான்.

"நல்லாத்தான் போனீங்க. கண்ணாடியில இப்ப என்ன தெரியுது?"

நெவில் பார்த்தான். கிழவர் நன்றி சொல்லிக் கையைத் தூக்கிவிட்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

"நான் பார்க்கவே இல்ல," என்றான் அடங்கிய குரலில்.

"அடுத்த தடவை எப்ப பார்ப்பீங்க?"

"நகர்றதுக்கு முன்னாடி. நகரும்போதும்."

அடுத்த தடவை நெவில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஓரத்துக்கு ஒட்டினாற்போல் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். தான்தான் செய்தேனா என்று கதவைத் திறந்து குனிந்து வேறு பார்த்துக்கொண்டான்.

பரீட்சை மையத்துக்குத் திரும்பியதும் ரெட்ஃபெர்ன் பேனாவை மூடினார். "பாஸ். போன தடவை உங்க கால் எப்பப் பார்த்தாலும் பிரேக் மேலயே இருந்துச்சு. இன்னைக்கு ஒரே ஒரு தடவைதான் போச்சு, அதுவும் போக வேண்டிய நேரத்துல." இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது மார்க்குக்கு இல்ல. அந்தம்மா சீக்கிரமா மன்னிப்பு கேட்டா நல்லது."

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் மீன் கடை வாசலில் நீளமாக வரிசை நின்றது. இரண்டு காருக்கு நடுவே இடமும் இருந்தது. நெவில் மேட்டைப் பார்த்தான், இடத்தைப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து வண்டியை நகர்த்தினான். கடைசி நேரத்தில் பின்சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. வரிசை முழுக்கத் திரும்பியது.

"சிரிச்சுத் தொலை," என்றான் நெவில், ஸ்டீயரிங்கை விடாமல்.

மாக்சீன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கத்திப் பழகிய குரலில், "மன்னிச்சிடுய்யா நெவில், அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றாள்.

நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கிப் போய் வரிசையில் நின்றான். வாங்கி வந்த பொட்டலத்தை அவள் மடியில் வைத்தான். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்போதும் ஆவி பறந்தது. முதல் சிப்ஸிலேயே மாக்சீன் நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.