நடவு மெஷினுக்குக் கட்டிய புடவை

"இதை வெளியாள் யாருக்காவது காட்டினீங்களா?" என்று சதீஷிடம் கேட்டார் ஜெயபாரதி.

கும்பகோணத்தில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதித் தருபவர் ஜெயபாரதி. சதீஷ் கொண்டுவந்தது ஒரு சின்னக் கருவி. நடவு மெஷினின் பின்பக்கம், நாற்றை ஊன்றும் விரல்களில் அப்பும் களிமண்ணை, மெஷின் ஓட ஓடவே வழித்துத் தள்ளும். படிப்பைப் பாதியில் விட்டவனிடம் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

"போன வாரம் குத்தாலத்துல சித்தப்பா வயல்ல ஓட்டினோம். வரப்பு நிறையக் கூட்டம். வீடியோகூட ஸ்டேட்டஸ்ல வந்துடுச்சு."

ஜெயபாரதி பேனாவை மூடி வைத்தார். "முதல்ல தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியப் பிடிக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள முழு விவரத்தோட இன்னொண்ணு. வெளிநாட்டுக்கும் அதே வருஷத்துக்குள்ள போட்டா இந்தத் தேதியே செல்லும். சர்வதேச விண்ணப்பம் ஒண்ணு போட்டுட்டு, எந்தெந்த நாடுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம். ஆனா தேதிக்கு முன்னாடியே ஊருக்கே தெரிஞ்சா அது புதுசுன்னு ஆகாது, காப்புரிமை கைவிட்டுப் போயிடும். சோதனைன்னு சொல்லி இங்க வாதாடிப் பாக்கலாம். வெளியில பல நாட்டுல அதுவும் எடுபடாது. வீடியோவக் காட்டுங்க."

சதீஷ் காட்டினான். மெஷினின் பின்பக்கம் முழுக்க, சேறு தொடும்வரை ஒரு பழைய மஞ்சள் புடவை தொங்கியது. மேலே எலுமிச்சம்பழம் ஆடியது.

"இது என்ன கோலம்?"

"கண்ணு பட்டுடும்னு சித்தப்பா கட்டினாருங்க. அசிங்கமா இருக்குன்னு சண்டையே போட்டேன்."

"யாரு ஜெயிச்சா?"

"அவர்தான்."

"நல்லவேளை! கருவி வெளியில தெரியவே இல்ல. யாராவது தூக்கிப் பாத்தாங்களான்னு கேளுங்க."

போனில் சாமிதுரை சித்தப்பா சீறினார். "எவன்டா தூக்குவான்? எட்டிப் பாத்த பக்கத்து வயல் ரெத்தினத்தையே வெரட்டிட்டேன். மெஷினக் கழுவுனதுகூட கொட்டகைக்குள்ளதான். நீதான் அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னே."

ஜெயபாரதி பேனாவைத் திறந்தார். அன்று மாலையே தற்காலிக விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, தேதியும் எண்ணும் வந்துவிட்டன.

தெருவில் இறங்கியதும் சதீஷ் மறுபடி கூப்பிட்டான். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

"சித்தப்பா, அந்தப் புடவை யாரோடது?"

"ஒங்க சித்தியோடதுதான். அதுக்கு இன்னும் திட்டு வாங்கிட்டிருக்கேன்."

"அவங்களுக்குப் புதுசு எடுத்துட்டு வரேன்."

"கும்பகோணத்துலதானே நிக்கிறே? பட்டுப் புடவையாவே எடு. மஞ்சள் மட்டும் வேணாம், மறுபடி மெஷினுக்குக் கட்டிடுவேன்னு நெனப்பா."

சதீஷ் சிரித்தான். பட்டுக்கடை இருக்கும் தெருப்பக்கம் நடந்தான்.