ஆகாத சுருட்டுப் பெட்டி

எங்கள் வீட்டில் யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை. ஆனாலும் போன மழைக்காலம் முழுவதும் கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்கு மேலே, அரிசி வாளிக்குப் பக்கத்தில் என்று எங்கே பார்த்தாலும் சுருட்டுப் பெட்டிதான். வீடு கூட்டினால் விளக்குமாறு எதிலாவது போய் இடிக்கும். எல்லாம் என் வீட்டுக்காரர் யேசுரத்தினம் செய்யப்போகும் கிட்டாருக்காக. செய்யப்போகும் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தோம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அவர் ஒரு காலத்தில் நன்றாகக் கிட்டார் வாசித்தவர். எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் அவர் வாசித்தால் கேட்பதற்கு அப்புத்தளை டவுனே திரண்டு வரும் என்று சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். சரி, கொஸ்லந்தையிலிருந்து என் தம்பியாவது வருவான். நத்தார்ப் பண்டிகைக்குத் தொழிலாளர் லயம் லயமாகக் கரோல் பாடிப் போகும்போது முன்னால் நடப்பவர் அவர்தான்.

பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்குள் இடக்கை மாட்டிக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் போயின. கை ஆறிவிட்டது. ஆனால் அவர் கிட்டாரைத் திரும்பத் தொடவில்லை. யாரோ கேட்டார்கள் என்று அதைக் கொடுத்தும் விட்டார். இடக்கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடக்கப் பழகினார். பூசையில் எல்லாரும் கைகூப்பி நிற்கும்போதுகூட அந்தக் கை வெளியே வராது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். வருடக்கணக்காகப் பார்க்காத மாதிரி இருப்பது லேசான வேலை இல்லை. கொழுந்து பறிப்பதே மேல்.

இப்படி இருக்கும்போது எங்கள் மகன் ரஜீவன் ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அவன் பழைய துரை பங்களாவில் வேலை செய்கிறான். அது இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். வீடியோவில் ஒரு மனிதன் சுருட்டுப் பெட்டியில் நீளமாக ஒரு கட்டையைச் செருகி, மூன்றே மூன்று கம்பி பூட்டி, ஒரு விரலில் குழாயை மாட்டிக்கொண்டு அதைக் கம்பி மேல் இழுத்து இழுத்து வாசித்தான். விரல்களை மடக்கிப் பிடிக்கத் தேவையே இல்லை. குழாய் மாட்ட ஒரு விரல் இருந்தால் போதும்.

அவர் கடைசிவரை பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். பிறகு போனைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிடித்திருந்தது இடக்கை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த வாசனை பக்கத்து வீட்டுக்கே போனது, எனக்குத் தெரியவில்லை.

பங்களாவில் வந்து தங்குகிறவர்கள் சுருட்டைப் பிடித்துவிட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவார்கள். ரஜீவன் அதைக் கொண்டுவரத் தொடங்கினான். முதலில் வந்த பெட்டியை அவர் மடியில் வைத்து, காதை மூடியோடு ஒட்டி, வலக்கை விரலால் தட்டிப் பார்த்தார். அது மரம் இல்லையாம், மரம் மாதிரித் தாள் ஒட்டிய அட்டையாம். அடுத்தது சின்னது, கட்டையைச் செருகினால் உள்ளே காற்றுக்கு இடமிருக்காதாம். இன்னொன்றுக்கு மூடி தடிப்பு, சத்தம் உள்ளேயே செத்துப்போகுமாம். பிறகு வந்தது அத்தனை அழகு, அதில் அறுக்கிற வாளை வைக்க மனம் வரவில்லையாம். நானும் சரி, தெரிந்தவர் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். மூடி தடித்த பெட்டியை மட்டும் எடுத்து வெள்ளைப்பூண்டு போட்டு வைத்தேன். அதாவது ஒன்றுக்கு உதவட்டும்.

மற்ற எல்லாம் தயாராகிவிட்டன. பழைய கட்டில் சட்டத்தைச் சீவி இழைத்துக் கழுத்துக் கட்டை ஆக்கினார். பதுளைக்குப் போய்க் கம்பியும் முறுக்காணியும் வாங்கி வந்தார். சுண்டுவிரலுக்கு அளவாக ஒரு பித்தளைக் குழாய்த் துண்டும் வெட்டித் தேய்த்து வைத்தார். பெட்டிதான் அமையவில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் குறை சொல்லிவிட்டு வரும் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார் மனிதர்.

கடைசியில் மார்கழிக் குளிர் தொடங்கும்போது ஒரு பெட்டி வந்தது. ஏதோ வாசனை மரம். மெல்லிய மூடி. தட்டினால் கோயில் மணி அடங்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு ரீங்காரம். எனக்கே கேட்டது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சொல்வதற்கு ஒரு குறையும் அகப்படவில்லை. பென்சிலால் கோடு போட்டார். கோட்டை அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு இராமையா வந்தார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறவர் அவர்தான். அன்றைக்கு வாசலில் இருக்கிற கொய்யா மரம்கூடத் தெரியாத பனி. இராமையா பெட்டியை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஈரம் ஏறிக் கெடக்குண்ணே. தப்பக் காய்ச்சாம யாராச்சும் அடிப்பாங்களா? கொஞ்சம் அனல்ல காட்டித் தாறேன்."

ஆயுசு முழுக்கத் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றியவருக்கு வேறு என்ன தோன்றும்? நேராக என் அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு மரத்தைப் பற்றித் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். பசை போட்டு ஒட்டிய பெட்டி நெருப்பைத் தாங்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இராமையா பெட்டியை அனலுக்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டினார். படார் என்று ஒரு சத்தம். மூடி நீளவாக்கில் பிளந்து, மூலைகள் எல்லாம் விட்டுப் போயின. இராமையாவுக்கு முகம் செத்துவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். அவரைத் தேற்றியது என் வீட்டுக்காரர்தான். விடு இராமையா, கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்றார்.

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் துக்கமே இல்லை. பரீட்சை அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகம் அது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த மனிதருக்கு நல்ல பெட்டி கிடைக்கவில்லையே என்று கவலை இல்லை. கிடைத்துவிடுமோ என்றுதான் பயம். கிடைத்தால் செய்யவேண்டும். செய்தால் வாசிக்கவேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்துக்கு அடியில் அழுகையும் இருந்தது, அதை நான் வெளியே விடவில்லை. இராமையாவுக்கு ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுப்படித் தட்டில் இருந்த தடித்த மூடிப் பெட்டியை எடுத்து, பூண்டை முறத்தில் கொட்டி, அதை அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல செய்யுங்க."

அவர் மூடியைச் சுண்டிப் பார்த்தார். டொக்கென்றது. தடிப்பு, பூண்டு நாற்றம், கீல் வேறு ஆடுகிறது என்று ஆரம்பித்தார். எல்லாம் தெரியும் என்றேன். சத்தமே வராது என்றார். வராவிட்டால் போகட்டும் என்றேன். அதற்குமேல் சொல்ல அவரிடம் குறை இல்லை. பெட்டியைக் கீழே வைத்தார். குரல் தணிந்துவிட்டது.

"றோசாலி, எனக்கு வாசிக்க வரலேன்னா?"

"வரலேன்னா பெட்டியத் திட்டுவோம். நல்ல பெட்டியா இருந்தா உங்க கையத்தானே திட்டணும்? அதுக்குத்தான் சொல்றேன், இதுல செய்யுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம். அன்று மத்தியானமே வாளை எடுத்துப் பெட்டியை அறுக்கத் தொடங்கிவிட்டார்.

இராமையா செய்த பாவத்துக்குப் பரிகாரமாகக் கட்டை பிடிக்க, ஆணி எடுத்துக் கொடுக்க என்று கூடவே நின்றார். அடுப்படிப் பக்கம் மட்டும் வரக்கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டு முன் இஸ்தோப்பில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பனி விலகி வெயில் வாசல்வரை வந்திருந்தது. ரஜீவன், இராமையா, நான், அவ்வளவுதான் ஆட்கள். சுண்டுவிரலில் பித்தளைக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியில் வைத்தார். பூனை வாலை மிதித்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மட்டமான பெட்டி" என்றார்.

"பூண்டுப் பெட்டி வேற எப்பிடி இருக்கும்?" என்றேன் நான்.

மறுபடி இழுத்தார், மறுபடி பிசகியது. பிசகிய ஒவ்வொரு முறையும் பெட்டிக்குத் திட்டு விழுந்தது. ரஜீவன் திட்டினான். எல்லாரையும்விட இராமையாதான் அதிகமாகத் திட்டினார், அவருக்கு அதில் ஒரு ஆறுதல். பெட்டி பாவம், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு டொங் டொங்கென்று பதில் சொன்னது. அதன் குரல் கொஞ்சம் கரகரப்பு. கேட்கக் கேட்க எனக்கு அது பிடித்துப்போனது.

பிறகு அவர் கரோலுக்குப் பாடும் பாட்டு ஒன்றைப் பிடித்தார். மெதுவாக, தடவித் தடவிப் போனார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் குழாய் வழுக்கப் பார்த்தது, வழுக்கவில்லை. பல்லவி முழுவதும் வந்து, கடைசிச் சுரம் நீளமாக இழுபட்டு, வாசலைத் தாண்டித் தேயிலைக்குள் போய் அடங்கியது.

பழக்கதோஷத்தில் நாங்கள் மூவரும் பெட்டியைப் பார்த்தோம். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. இடக்கையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிற விரல்களை விரித்தார், மடக்கினார், திரும்ப விரித்தார். நான் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றி வந்து நீட்டினேன்.

வலக்கை கிட்டாரைப் பிடித்திருந்தது. அவர் யோசிக்காமல் இடக்கையை நீட்டி வாங்கினார். வேறு நாளாக இருந்திருந்தால், என்ன பழக்கம் இது, இடக்கையால் வாங்குகிறீர்கள் என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு, கோப்பை அவர் பிடியில் நன்றாக நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டு, விட்டேன்.