அக்காவின் கண்ணாடி மங்கிய வரி

1

இந்தக் கதை என் அக்கா வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, சுட்டது என்பதே நியாயம். அக்கா மயக்க மருந்து டாக்டர். மூச்சுத் திணறுகிறவர்களின் தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சுக் கருவியோடு இணைப்பது அவள் வேலை. வந்திருப்பது தொற்றுநோய் என்றால், நோயாளி விடும் மூச்சுக்கு மிக அருகில் இருப்பது அவள் முகம்தான். இதை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கை பரபரத்தது.

2

முதல் தொடக்கம்: 'டாக்டர் ஓடினாள். முகக்கவசத்தைக்கூடச் சரியாக…'

(அடித்துவிட்டேன்.)

"யாருடா ஓடினா?" என்றாள் அக்கா. "அந்த ரூமுக்குள்ள போறதுன்னா நாங்க ஆமை. கவுன், கையுறை, மாஸ்க், கண்ணாடி, எல்லாத்தையும் செக்போஸ்ட் பார்த்துச் சரின்னாதான் கதவு திறக்கும்."

[செக்போஸ்ட்: ஒரு நர்ஸின் பட்டப்பெயர். அந்த அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பார். எவ்வளவு பெரிய டாக்டர் வந்தாலும் மசிய மாட்டார்.]

"உள்ளே ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கும்போதுகூடவா?"

"அப்பத்தான் முக்கியமா. நான் படுத்துட்டா அடுத்த ஆளுக்கு யாரு குழாய் போடுவா, நீயா?"

3

இரண்டாம் தொடக்கத்தில் அவளை நடக்கவிட்டேன். ஓட்டத்துக்கு ஈடாக ஒரு வரி சேர்த்தேன்: 'நோயாளியைப் பார்த்ததும் அவள் கண்ணாடி மெல்ல மங்கியது.' என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அக்கா படித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னைக் கொன்னுட்டியேடா!"

"கண் கலங்கி அழுகிறாய் என்ற அர்த்தத்தில்தானே எழுதினேன்?"

"கண்ணாடி மங்குச்சுன்னா மாஸ்க் மூக்குகிட்ட ஒட்டலைன்னு அர்த்தம். என் மூச்சு வெளியே போற சந்துலதான் கிருமி உள்ளே வரும்."

எனக்கு அசடு வழிந்தது. நல்ல வரி எழுதுகிற ஆசையில் கூடப்பிறந்தவளுக்கே உலை வைத்திருக்கிறேன். ஆனாலும் அதை அடிக்க மனம் வரவில்லை. எழுதுகிறவன் புத்தி, வேறென்ன?

4

முடிவு ஒன்று: நோயாளி பிழைக்கிறார், அக்கா…

முடிவு இரண்டு: அக்காவுக்குக் காய்ச்சல்…

இங்கே ஃபோன் அடித்தது. கதையில் இல்லை, சமையலறையில். ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு.

"செக்போஸ்ட் இன்னைக்கு லீவாம், கதவுக்குப் புது ஆளாம்," என்று செருப்பை மாட்டினாள். "நீ முடிச்சு வை, வந்து திட்டுறேன்."

5

பாதி உரித்த வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மங்கிய வரியை இப்போது அடித்துவிட்டேன். நான் இங்கே அடித்தால் அங்கே என்ன ஆகப்போகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை.

அந்தப் புது ஆள் நீங்கள்தான், வாசகரே. கைப்பிடி உங்கள் கையில். உள்ளே இருப்பவர் திணறுவது காதில் விழும். எல்லாம் தெரிந்த அக்காவே பதற்றத்தில், "திறங்க, திறங்க!" என்பாள். உடனே திறந்துவிடாதீர்கள். அவளை ஒருமுறை நன்றாக மூச்சு விடச் சொல்லுங்கள். பிறகு கண்ணாடியைப் பாருங்கள்.

அவள் கண் தெளிவாகத் தெரிகிறதா?