பக்கத்துத் தோட்டத்துத் துப்பாக்கி

1

“பன்னி வந்தா பாண்டித்துரை மாமாவைக் கூப்பிடுறோம். அப்ப நீங்க எதுக்குப்பா?”

ஏழு வயதில் என் மகள் யோகப்பிரியா கேட்ட இந்தக் கேள்வியில்தான் இந்தக் கதை தொடங்கியது. கேரள மலையூரான காந்தலூரில் எங்கள் பூண்டுத் தோட்டத்துக்கு அடுத்தது பாண்டித்துரையின் தோட்டம். சுற்றுவட்டத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி அவனிடம் மட்டும்தான். காட்டுப்பன்றி பயத்தில், வேலியோரம் சருகு அசைந்தாலே என் மனைவி, “அண்ணனுக்குப் போன் போடுங்க” என்பாள்.

[முதல் வரைவில் ‘எனக்குப் பொறாமை இல்லை’ என்று எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். அந்தத் துப்பாக்கி பழுதாக வேண்டுமென்று முருகன் சன்னதியில் விளக்கேற்றியவன் நான். நல்லவேளை, முருகன் கேட்கவில்லை.]

2

துப்பாக்கி உரிம விதிகளைக் கடுமையாக்கப் பரிந்துரைக்கலாமா என்று கிராமசபையில் பேச்சு வந்தது. எழுந்தேன்.

“பயிற்சி, மருத்துவச் சான்று, பூட்டுப்பெட்டி, பக்கத்து வீட்டுக்காரங்க ஒப்புதல், எல்லாம் வேணும்.”

“எழுத்தாளரே, பன்னிக்கும் ஒரு மனு எழுதிக் குடுங்க. படிச்சுட்டுத் திரும்பிப் போகட்டும்” என்றாள் பின்வரிசையிலிருந்த முருகேஸ்வரி. சபை சிரித்தது.

பாண்டித்துரை சிரிக்கவில்லை. “மச்சான் சொல்றது ஞாயந்தான். எம் புள்ளைகளும் அதே வீட்டுலதான படுத்திருக்கு” என்றான்.

அதற்கும் பொறாமைப்பட்டேன். என் கருத்தை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டான்.

(அந்தக் கருத்தை இன்றும் நம்புகிறேன். உயிரெடுக்கும் கருவியை வைத்திருப்பவனை ஊர் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவனைப் பற்றிப் பதில் சொல்பவனின் மனசுக்கு யார் சான்று தருவது?)

3

பாண்டித்துரையின் உரிமத்தைப் புதுப்பிக்கும் விசாரணைக்காகப் போலீஸ்காரர் பிஜு என் வீட்டுக்கு வந்தார்.

“ஆளு எப்படி, சேட்டா?”

“நல்லவன்தான் சார். கோபம் வந்தா மட்டும்...”

வாக்கியத்தை அங்கேயே விட்டேன். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முடித்திருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். முடிக்காததால், கேட்டவர் தனக்குத் தோன்றியதையெல்லாம் சேர்த்துக்கொண்டார்.

புதுப்பித்தல் நின்றது. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது.

4

அடுத்த வாரம் விடியற்காலையில் பன்றிகள் வந்தன. தகரச் சத்தம் கேட்டு ஓடினேன். என் தோட்டத்தில் பாண்டித்துரை எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு நின்றான். என் பூண்டு தப்பியது. விரட்டப்பட்ட கூட்டம் அவன் வேலியை உடைத்து ஆறு பாத்திகளைக் கிளறிப்போட்டிருந்தது.

“ஒந்தோட்டத்த விட்டுட்டு இங்க எதுக்கு மச்சான் நின்ன?”

“ஒம்பக்கந்தான மொதல்ல வந்துச்சு.”

[ஒரு வரைவில் நான் அவன் காலில் விழுகிறேன். இன்னொன்றில் அவனுக்கு முன்பே தெரியும், மன்னிக்கிறான். இரண்டிலும் நான் மிக அழகாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.]

அன்றே ஸ்டேஷனுக்குப் போய், விட்ட வாக்கியத்தை எழுதி முடித்தேன்: அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பொறாமையால் அப்படிச் சொன்னேன். பிஜு இருமுறை படித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

“ஒரு சாயா குடிக்கலாம், வாங்க” என்றார்.

5

உரிமம் கிடைத்தது. துப்பாக்கியை வாங்கிவரப் பாண்டித்துரை குடும்பத்தோடு காலை ஜீப்பில் கீழே போனான். நான் ஒரு சாக்கு விதைப்பூண்டும் கம்பிச் சுருளும் எடுத்துக்கொண்டு அவன் தோட்டத்தில் இறங்கினேன். அங்கே யாரும் இல்லை.

இதற்குப் பின் பதினோரு வரிகள் இருந்தன. அடித்துவிட்டேன். யாரும் பார்க்கக் கூடாதென்று செய்ததை நீங்கள் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

சாயங்காலம் திரும்பி வந்தவன் ஆறு பாத்திகளையும் பார்த்து என்ன நினைத்தான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரை மட்டும் சேர்க்காதீர்கள்.