பெல்பெயுவின் வால்

அல்மாட்டியில் குளிருக்காக வீட்டைச் சூடாக்கும் குழாய்களில் வெந்நீரைத் திறந்துவிட்டால் போதும், ஒரே வாரத்தில் காற்று காய்ந்து உதடு வெடித்துவிடும். ரைகான் வீட்டில் இந்த வருஷம் பாம்பும் காய்ந்துபோனது.

பாம்பு மகன் மதியாருடையது. பெல்பெயு, அதாவது இடுப்புப் பட்டை என்று பெயர் வைத்திருந்தான். பட்டாளத்துக்குப் புறப்படும்போது, "சினேகிதன் வீட்டுல விட்டுட்டுப் போறேம்மா, நீதான் தொடவே மாட்டியே" என்றான். "உன்னையே வளர்த்தேன், இந்த நாடாவை வளர்க்க மாட்டேனா? போடா!" என்று வீராப்பாகப் பேசிவிட்டாள். இன்றுவரை ஒரு விரல் பட்டதில்லை. எலியைக்கூட இடுக்கியில்தான் நீட்டுவாள்.

இப்போது சட்டை துண்டு துண்டாக உரிந்து, வால் நுனியில் மட்டும் வளையம் போல இறுகி நின்றது. அதற்குக் கீழே வால் கறுத்து வந்தது.

"வெதுவெதுப்பான தண்ணியில ஊறவைங்க" என்றார் கால்நடை மருத்துவர் போனில். "அப்புறம் ஈரக் கையால லேசாப் பிடிச்சுக்கங்க, அதுவா ஊர்ந்து போகட்டும். அப்படியே விட்டீங்கன்னா வால் அழுகிடும்."

ஈரக் கையால! அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவழியாகக் கரண்டியும் துடைப்பமுமாகப் பாம்பை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பேசினில் தள்ளி, குளியலறையில் வைத்து, துணியால் மூடினாள். பிறகு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்தாள். நகத்தைக் கடித்தாள். கையுறையைப் போட்டாள், கழற்றினாள்.

அழைப்பு மணி அடித்தது. நாத்தனார் தோர்கின், கிராமத்திலிருந்து குதிரைக் கறி மூட்டையோடு வந்து நின்றாள். பாம்பு விஷயத்தை அவளிடம் யாரும் மூச்சு விட்டதில்லை.

"என்னடி மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி, உக்காருங்க" என்று ரைகான் தேநீர் போடப் போனாள். தோர்கின் உட்காருகிற ஆளா? கை கழுவப் போனவள் பேசினைப் பார்த்தாள். பனிக்காலம் தொடங்கினால் எந்த வீட்டுப் பேசினிலும் என்ன ஊறும்? கறி அடைக்கிற குதிரைக் குடல்தான். கழுவிக் கொடுப்போமே என்று துணிக்குள் கையை விட்டாள்.

அலறல் ஐந்து மாடிக்கும் கேட்டது.

ரைகான் ஓடி வருவதற்குள் தோர்கின் ஆக வேண்டியதை ஆரம்பித்துவிட்டாள். கிராமத்து வழக்கப்படி, வீட்டுக்குள் வந்த பாம்பைக் கொல்லக் கூடாது; தலையில் பாலை ஊற்றி, வாசலைத் திறந்துவிட வேண்டும். நடையில் நின்ற குளிர்ப்பெட்டியிலிருந்த பால் முழுதும் தரையில் ஓடியது. பேசினிலிருந்து நழுவிய பாம்பு விறுவிறுவென்று வாசலைத் தாண்டியது.

"அண்ணி! அது மதியாரோடது!"

"பாம்பா? பைத்தியமாடி உங்களுக்கெல்லாம்?"

மாடிப்படியோரம், குழாய்கள் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு பொந்து. பாம்பின் தலை அதற்குள் நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான். ரைகான் பாலில் வழுக்கி, முழங்காலில் விழுந்து, பாலில் நனைந்த இரண்டு கையாலும் பிடித்தாள்.

இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மெல்லப் பின்னுக்கு இழுத்து, ஒரு கையால் பொந்தை அடைத்தாள். பாம்பு திரும்பி, மறு கையின் விரல்களுக்குள் புகுந்து ஊர்ந்தது. கொழகொழவென்று இருக்கும் என்று இத்தனை நாள் அருவருத்திருந்தாள். அதுவோ கெட்டியாக, இதமாக இருந்தது. வால் நுனி விரலிடுக்கில் நழுவியபோது உள்ளங்கையில் ஏதோ தங்கியது. அந்த வளையம். அது இறுக்கியிருந்த இடம் வெளுத்திருந்தது, ஆனால் கறுத்த நுனி அசைந்தது.

"உயிர் இருக்கு அண்ணி" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அடியே, அதான் சரியாயிடுச்சில்ல? கொண்டுபோய் உள்ள விடு, பார்க்கவே குலை நடுங்குது."

பாம்பு அவள் முழங்கையைச் சுற்றிச் சட்டைக் கைக்குள் தலையை விட்டது. ரைகான் தட்டிவிடவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் அண்ணி" என்றாள். "நாள் பூரா அவன் கையிலேயே கிடந்தது இது. பிள்ளை பட்டாளம் போனதுலேர்ந்து அவனைத் தொட்ட எதையும் நான் தொடவே இல்ல."

 தோர்கின் பால் சொட்டும் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.